லசித் மலிங்கா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் பக்கத்து மைதானத்தில் வார இறுதியில் டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும்போது ஸ்கோர் எழுதுவது என் வேலை. எந்தப் பையன் கையைத் தாழ்த்திப் பந்து போட்டாலும் இலங்கை வேகப்பந்து வீச்சாளர் மலிங்கா பேச்சு வந்துவிடும். பேச்சு வந்தால் சந்தேகமும் வரும், அதுவும் எப்போதும் அதே சந்தேகங்கள்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சென்னை ரசிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 2019 ஐபிஎல் ஃபைனலும் உள்ளே இருக்கிறது.

மலிங்கா எப்போ வந்தார், எப்போ போனார்? சுருக்கமா சொல்லுங்க.

இலங்கையின் தென்கரையில் காலி நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள ரத்கம என்ற கடலோர ஊர்க்காரர். பிறந்தது 1983 ஆகஸ்ட் 28. முதல் டெஸ்ட் 2004 ஜூலை 1 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் தொடங்கியது. முதல் விக்கெட் டேரன் லீமன். அந்த ஆட்டத்தில் மொத்தம் ஆறு விக்கெட். இலங்கை தோற்றது, ஆனால் ஆட்டம் முடிந்ததும் ஆடம் கில்கிறிஸ்ட் இலங்கை அணியின் அறைக்கே வந்து, ஒரு ஸ்டம்பை நினைவுப் பரிசாக மலிங்காவிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கணக்கு இதுதான். 30 டெஸ்டில் 101 விக்கெட், 226 ஒருநாள் ஆட்டங்களில் 338, 84 சர்வதேச டி20 ஆட்டங்களில் 107. ஐபிஎல்லில் 122 ஆட்டம், 170 விக்கெட், எல்லாம் மும்பை இந்தியன்ஸுக்கே. டெஸ்டை 2011-இல் விட்டார், ஒருநாளை 2019-இல் விட்டார், 2021 செப்டம்பரில் மொத்தமாக ஓய்வு அறிவித்தார்.

கையை அப்படிப் பக்கவாட்டுல சுத்துறாரே, அது மாங்கா இல்லையா?

இல்லை. மாங்கா என்று நாம் சொல்வது முழங்கையை மடக்கி வைத்திருந்து, பந்தை விடும் நேரத்தில் நீட்டுவது. சர்வதேச விதியும் அதைத்தான் பார்க்கிறது. பந்து போடும்போது கை தோள் உயரத்துக்கு வந்ததிலிருந்து பந்தை விடும் வரை முழங்கை 15 டிகிரிக்கு மேல் நீளக் கூடாது. கை காதை ஒட்டி வருகிறதா, தோளுக்குச் சமமாக வருகிறதா என்பது விதிக்குத் தேவையில்லாத விஷயம். மலிங்காவின் கை தாழ்வாக வருகிறதே தவிர, முழங்கையை மடக்கி எறிகிற வேலை அதில் இல்லை.

பழைய கதை ஒன்றும் உண்டு. இப்போது நாம் ஒழுங்கான ஆக்‌ஷன் என்று சொல்கிற, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோகும் முறைதான் ஒரு காலத்தில் குற்றமாக இருந்தது. தோள் உயரத்தில் கையைச் சுழற்றிப் போடுவதை 1835-இல் அனுமதித்தார்கள். அதற்கு மேல் உயர்த்தலாம் என்று சொன்னது 1864-இல்தான். ஆக, மலிங்கா போட்டது புதுசு இல்லை, ரொம்பப் பழசு. இன்றைக்குத் தடை இருப்பது தரையோடு உருட்டிவிடுகிற பந்துக்கு. 1981-இல் மெல்போர்னில் நியூசிலாந்துக்குக் கடைசிப் பந்தில் சிக்ஸர் தேவைப்பட்டபோது ட்ரெவர் சாப்பல் பந்தை உருட்டிவிட்டார் அல்லவா, அதன் விளைவு அது.

அந்த ஆக்‌ஷன் எங்கேருந்து வந்துச்சு? கோச் யாரும் திருத்தலையா?

மணலும் தென்னந்தோப்பும்தான் அவருக்கு முதல் மைதானம். ஆடியது டென்னிஸ் பால். லெதர் பந்தைக் கையில் எடுக்கும்போது அவருக்கு 17 வயது. டென்னிஸ் பால் எடை குறைந்தது. தலைக்கு மேலிருந்து குத்தினால் எகிறிக்கொண்டு நின்று வரும், பேட்ஸ்மேன் சாவகாசமாக அடிப்பார். கையைத் தாழ்த்தி, குளத்தில் ஓட்டாஞ்சில்லைத் தவளைப் பாய்ச்சல் விடுவது போல விசிறினால்தான் எழும்பாமல் சறுக்கிக்கொண்டு போகும். நம் ஊர் மொட்டைமாடியிலும் கோயில் திடலிலும் ஆடிய எல்லோருக்கும் இது தெரியும். பெரும்பாலோர் லெதர் பந்துக்கு மாறும்போது இதை விட்டுவிடுவார்கள், அல்லது விடச் செய்வார்கள்.

மலிங்காவைக் கண்டுபிடித்தவர் காலியில் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்துவந்த முன்னாள் இலங்கை வேகப்பந்து வீச்சாளர் சம்பக ராமநாயக்க. அவரும் முதலில் கையை உயர்த்தச் சொல்லிப் பார்த்தார். வேகமும் போனது, குறியும் போனது. சரி, அப்படியே போடு என்று விட்டுவிட்டார். இலங்கை கிரிக்கெட்டுக்கு ஒரு பயிற்சியாளர் செய்த பெரிய உபகாரம் இதுதான் என்பது என் எண்ணம். பாடப்புத்தகத்தைக் கையில் வைத்திருந்த வேறொருவரிடம் அந்தப் பையன் மாட்டியிருந்தால், 120 கிலோமீட்டர் வேகத்தில் யாருக்கும் தெரியாமல் போட்டுக்கொண்டிருந்திருப்பார்.

கை தாழ்வா வந்தா பேட்ஸ்மேனுக்கு என்ன கஷ்டம்? வேகம் அதே வேகம்தானே?

பேட்ஸ்மேன் பந்தைத் தேடும் இடம் மாறிவிடுகிறது. மற்ற பௌலர்களின் பந்து தலைக்கு மேலே, எல்லைக்கோட்டுக்கு அப்பால் நிற்கும் பெரிய திரையான சைட் ஸ்கிரீன் பின்னணியில் தெரியும். மலிங்காவின் பந்து நடுவரின் உடம்புக்கு முன்னால் இருந்து புறப்படும். 2005-இல் நேப்பியர் டெஸ்டில் நியூசிலாந்து ஆட்டக்காரர்கள், நடுவர்களின் கறுப்புக் கால்சட்டையில் பந்து மறைந்துவிடுகிறது என்று புகாரே செய்தார்கள். அந்த டெஸ்டில் அவருக்கு ஒன்பது விக்கெட்.

இரண்டாவது விஷயம் பந்தின் பாதை. உயரத்திலிருந்து வரும் பந்து குத்தி எழும்பும். தாழ்விலிருந்து வருவது தட்டையாக வந்து சறுக்கும். பவுன்சர் கூடத் தலைக்கு மேல் போகாமல் முகத்துக்கு நேராக வரும். இளவயதில் அவர் 140-க்கு மேல் சர்வசாதாரணமாகப் போட்டார். அந்த வேகத்தில், தேட வேண்டிய இடமும் புதிதாக இருந்தால், கண் பழகுவதற்குள் ஓவர் முடிந்துவிடும்.

யார்க்கர் மட்டும் எப்படி அவ்வளவு கரெக்டா விழுது? பிறவியிலேயே வந்ததா?

பாதி ஆக்‌ஷன், பாதி உழைப்பு. யார்க்கர் என்றால் பேட்ஸ்மேனின் காலடியில் வந்து விழும் பந்து. பேட்ஸ்மேன் நிற்கும் கிரீஸ் கோட்டில் ஒரு ஜோடி ஷூவை வைத்துவிட்டு, அதன் மேல் பந்தை அடிப்பதுதான் அவர் செய்த பயிற்சி. ஆள் கிடையாது, பேட் கிடையாது, ஷூ மட்டும். கால் இருக்கும் இடத்துக்குப் பந்து போக வேண்டும் என்பதற்கு இதைவிட நேரான பயிற்சி இல்லை. எங்கள் பையன்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், செய்யமாட்டார்கள்.

ஆக்‌ஷன் எப்படி உதவுகிறது என்று கேட்டால், நான் புரிந்துகொண்டது இது. கை செங்குத்தாகச் சுழலும் பௌலர் பந்தைக் கொஞ்சம் முன்பின்னாக விட்டால் பந்து விழும் நீளம் தவறும். யார்க்கர் தரையில் குத்தாமலே வரும் ஃபுல்டாஸாகும், இல்லையென்றால் சற்று முன்னாலேயே குத்தி அடிக்க வசதியாக வரும் ஹாஃப் வாலியாகும். கை படுக்கையாகச் சுழன்றால் அதே தவறு பெரும்பாலும் திசையில் போய் முடியும். நீளம் அவ்வளவு கெடாது. யார்க்கருக்கு நீளம்தான் உயிர் என்பதால் இது லாபம். ஆனால் திசை தவறும் நாளில் பந்து நேராக பேட்ஸ்மேனின் கால் பக்கம் போய் விழும். அதன் விலை என்ன என்று கோலி பற்றிய கேள்வியில் வருகிறது.

ஸ்லோ பால் போடும்போது கையைப் பார்த்தா தெரியாதா?

தெரியாது, அதுதான் விஷயம். ஓட்டமும் கை வேகமும் அப்படியே இருக்கும். விரல் பிடி மட்டும் மாறும். பந்து முதலில் ஃபுல்டாஸ் போலத் தெரிந்து, கடைசியில் சட்டென்று தாழ்ந்து காலடியில் விழும். வேகமான யார்க்கருக்காக பேட்டை அவசரமாக இறக்கியவர், பந்து வருவதற்குள் ஆட்டத்தை முடித்துவிட்டு நிற்பார். வயது ஏறி வேகம் குறைந்த பிறகு அவரைக் காப்பாற்றியது வேகமான யார்க்கரைவிட இந்தப் பந்துதான்.

நாலு பந்துல நாலு விக்கெட் எடுத்தாரே, அந்த மேட்ச் ஜெயிச்சாங்களா?

இரண்டு முறை எடுத்திருக்கிறார். ஒன்றில் தோல்வி, ஒன்றில் வெற்றி.

முதலாவது 2007 உலகக் கோப்பை, மார்ச் 28, கயானாவின் ப்ராவிடன்ஸ் மைதானம். இலங்கை 209. தென்னாப்பிரிக்கா ஐந்து விக்கெட்டுக்கு 206, இன்னும் நாலே ரன். டிவியை அணைத்துவிட்டுப் படுக்கப் போனவர்கள் நம் ஊரில் ஏராளம். 45-ஆவது ஓவரின் ஐந்தாவது பந்தில் ஸ்லோ பாலில் போலக் போல்ட். ஆறாவதில் ஆண்ட்ரூ ஹால் கேட்ச். அடுத்த ஓவரை வாஸ் இறுக்கிப் போட்டார். மறுபடி மலிங்கா வந்து முதல் பந்தில் காலிஸ் கீப்பரிடம் கேட்ச், இரண்டாவதில் நிடினி போல்ட். ஒன்பது விக்கெட் போய்விட்டது. அதற்குப் பிறகும் பேட்ஸ்மேனை ஏமாற்றிக்கொண்டு ஸ்டம்பை உரசாத குறையாகப் பந்து போனது. கடைசியில் ஸ்லிப் பக்கம் எட்ஜில் போன ஒரு ஃபோர், தென்னாப்பிரிக்கா ஒரு விக்கெட்டில் தப்பித்தது.

இரண்டாவது 2019 செப்டம்பர் 6, பல்லேகல, நியூசிலாந்துக்கு எதிரான டி20. மன்றோ, ரதர்ஃபோர்ட், டி கிராண்ட்ஹோம், டெய்லர் வரிசையாக. நான்கு ஓவரில் 6 ரன் கொடுத்து 5 விக்கெட். மன்றோ விக்கெட்தான் அவருடைய 100-ஆவது டி20 விக்கெட், அந்த எண்ணைத் தொட்ட முதல் ஆள் அவர். அப்போது வயது 36. இலங்கை 125 மட்டுமே அடித்திருந்தும், நியூசிலாந்து 88-க்குச் சுருண்டது.

மொத்தம் எத்தனை ஹாட்ரிக்? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

சர்வதேச ஆட்டங்களில் ஐந்து. ஒருநாளில் மூன்று (2007 தென்னாப்பிரிக்கா, 2011 உலகக் கோப்பையில் கென்யா, அதே ஆண்டு ஆகஸ்டில் ஆஸ்திரேலியா), டி20-யில் இரண்டு (2017 வங்கதேசம், 2019 நியூசிலாந்து). உலகக் கோப்பையில் இரண்டு ஹாட்ரிக் எடுத்த முதல் ஆளும் இவர்தான். வாசிம் அக்ரம் நான்கோடு நிற்கிறார்.

டெஸ்ட் ஆடாம ஐபிஎல் ஆடினது காசுக்காகத்தானே?

இந்தக் கேள்வி வந்தால் மைதானத்தில் இரண்டு கட்சி உருவாகிவிடும். நடந்ததை மட்டும் முதலில் வைக்கிறேன். 2008-இல் வலது முழங்கால் மோசமாகப் பாதிக்கப்பட்டு நீண்ட நாள் ஆடவில்லை. 2007-க்குப் பிறகு அடுத்த டெஸ்ட் 2010 ஜூலையில், சொந்த ஊரான காலியில், இந்தியாவுக்கு எதிராக. முரளிதரன் 800-ஆவது விக்கெட் எடுத்து விடைபெற்ற அதே ஆட்டம். எல்லோருக்கும் முரளி ஞாபகம் இருக்கிறது. ஆட்ட நாயகன் மலிங்கா என்பது ஞாபகமில்லை. இரண்டாவது இன்னிங்ஸில் 50 ரன்னுக்கு 5 விக்கெட் எடுத்தார், பேட்டிலும் 64 அடித்தார். அந்தத் தொடரோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது.

2011 ஏப்ரலில் இங்கிலாந்து டெஸ்ட் தொடருக்கு அவர் கிடைக்கவில்லை, ஆனால் ஐபிஎல் ஆடிக்கொண்டிருந்தார். நாட்டுக்குத் திரும்பி முழங்காலுக்குச் சிகிச்சை எடு என்றது வாரியம். அவர் டெஸ்டிலிருந்தே ஓய்வு என்று அறிவித்துவிட்டார். முழங்கால் தேய்மானத்தைக் காரணமாகச் சொன்னார். அந்த ஐபிஎல்லில் 28 விக்கெட் எடுத்து முதலிடம் வேறு.

பணம் ஒரு காரணமே இல்லை என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள், நானும் நம்பவில்லை. ஆனால் நாளுக்கு நான்கு ஓவர் தாங்குகிற முழங்கால், இருபது ஓவர் போட்டுவிட்டு மறுநாள் மறுபடியும் ஓடுவதைத் தாங்காது. அந்த ஆக்‌ஷனில் உடம்பு மொத்தமும் முறுக்கிக்கொண்டு முன்காலில் இறங்குகிறது. வேகப்பந்து வீச்சாளருக்கு உடம்பில் இருப்பது இத்தனை பந்துதான் என்று ஒரு கணக்கு உண்டு. அவர் அதை எங்கே செலவழிப்பது என்று முடிவு செய்தார். இலங்கை டெஸ்ட் அணிக்கு அது பெரிய நஷ்டம், மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருநாளில் 2019 வரை அவர் கிடைத்ததற்கும் அதுவே காரணம்.

ஹோபார்ட்ல கோலி புரட்டி எடுத்தாரே, அப்புறம் எப்படி இவரை டெத் ஓவர் கிங்னு சொல்றீங்க?

2012 பிப்ரவரி 28, முத்தரப்பு ஒருநாள் தொடர். இலங்கை 320. போனஸ் புள்ளி வேண்டுமென்றால் இந்தியா 40 ஓவருக்குள் அடித்தாக வேண்டும். 36.4 ஓவரில் அடித்தது. கோலி 86 பந்தில் 133 நாட் அவுட். மலிங்காவின் கணக்கு 7.4 ஓவரில் 96 ரன், ஒரு விக்கெட். அதில் ஒரே ஓவரில் 24.

யார்க்கர் கேள்வியில் சொன்ன திசைத் தவறு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. காலைக் குறிவைத்த பந்து கொஞ்சம் நகர்ந்தால் கோலியின் மணிக்கட்டுக்கு அது விருந்து. யார்க்கர் வரும் என்று காத்திருக்கும் பேட்ஸ்மேனுக்கு யார்க்கரே போட்டுக்கொண்டிருந்ததும் தப்பு. கடைசி ஓவர்களைப் போடுகிற டெத் பௌலர்களில் அடி வாங்காதவர் உலகத்தில் கிடையாது. மறுபடி பந்தைக் கையில் வாங்குகிறாரா என்பதுதான் கேள்வி. அடுத்த இரண்டு பதில்களைப் பாருங்கள்.

2014 டி20 உலகக் கோப்பையை ஜெயிச்ச கேப்டன் சந்திமாலா, மலிங்காவா?

தொடங்கியது சந்திமால், கோப்பையை வாங்கியது மலிங்கா. மெதுவாக ஓவர் போட்டதற்காக சந்திமாலுக்கு ஓர் ஆட்டம் தடை விழுந்தது. அதன்பின் ஃபைனல் வரை மலிங்காவே தலைமை தாங்கினார். ஏப்ரல் 6, மிர்பூர். கோலி 77 அடித்தும் இந்தியா 130-ஐத் தாண்டவில்லை. கடைசி நான்கு ஓவரில் வந்தது 19 ரன்தான். பாவம் யுவராஜ், 21 பந்தில் 11 எடுத்த பழி இன்றுவரை அவர் தலையில். அன்று குலசேகரவும் மலிங்காவும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே அகலமாகப் போட்ட யார்க்கர்களை மறுபடி பார்த்தால், அந்தப் பழியில் பாதியைக் குறைத்துவிடலாம். காலைக் குறிவைப்பதை விட்டு, கைக்கு எட்டாத இடத்துக்கு யார்க்கரை நகர்த்தியிருந்தார்கள். மலிங்காவுக்கு அன்று விக்கெட் இல்லை, நான்கு ஓவரில் 27.

2019 ஃபைனல்ல அத்தனை அடி வாங்கினவர்கிட்ட ரோஹித் ஏன் கடைசி ஓவரைக் கொடுத்தார்?

மே 12, ஹைதராபாத். மும்பை 149. மலிங்காவின் முதல் மூன்று ஓவரில் 42 ரன் போயிருந்தது. கடைசி ஓவரில் சென்னைக்கு 9 தேவை, வாட்சன் 80-ஐ நெருங்கிக்கொண்டு களத்தில். காரணம் எளிமையானது: பும்ராவின் நான்கு ஓவர் முடிந்துவிட்டது, மிச்சமிருந்தவர்களில் இதைப் போல நூறு ஓவர் பார்த்தவர் இவர்தான்.

ஒன்று, ஒன்று, இரண்டு. நான்காவது பந்தில் இரண்டாவது ரன்னுக்கு ஓடி வாட்சன் ரன் அவுட். ஐந்தாவதில் ஷர்துல் தாக்கூர் இரண்டு. கடைசிப் பந்தில் இரண்டு வேண்டும். எல்லோரும் வேகமான யார்க்கர் என்று நினைக்க, வந்தது ஸ்லோ பால், அதுவும் காலடியில். எல்பிடபிள்யூ. சென்னை 148. ஸ்லோ பால் பற்றி மேலே சொன்னதற்கு இதைவிட உதாரணம் தேவையில்லை. அந்தப் பந்தை நான் திரும்பப் பார்ப்பதில்லை.

ராத்திரி மும்பையில ஆடிட்டு மறுநாள் இலங்கையில ஆடினாராமே, கட்டுக்கதையா?

உண்மைதான். அதே 2019, ஏப்ரல் 3 இரவு வான்கடேயில் சென்னைக்கு எதிராக 34 ரன்னுக்கு 3 விக்கெட். ஆட்டம் முடிந்ததும் விமானம் ஏறி, மறுநாள் பல்லேகலயில் காலி அணிக்கு ஒருநாள் ஆட்டம் ஆடினார். 49 ரன்னுக்கு 7 விக்கெட்! காசுக்காக மட்டும் ஆடினார் என்பவர்களுக்கு நான் சொல்லும் பதில்களில் இதுவும் ஒன்று.

பேட்டிங்ல ஏதாவது செஞ்சிருக்காரா, சும்மா சுத்துவாரா?

பெரும்பாலும் சும்மா சுற்றுவார். ஆனால் 2010 நவம்பரில் மெல்போர்னில் 240 துரத்தும்போது இலங்கை எட்டு விக்கெட்டுக்கு 107. மலிங்கா 56 அடித்து, மேத்யூஸோடு ஒன்பதாவது விக்கெட்டுக்கு 132 ரன் சேர்த்தார். ஒருநாளில் அந்த விக்கெட்டுக்கு அது சாதனை. ஸ்கோர் சமமானபோது ரன் அவுட் ஆனார். வெற்றி ரன்னை அடித்தது, நம்புங்கள், முரளிதரன்.

பும்ராவுக்கு யார்க்கர் கத்துக்கொடுத்தது இவர்தானே?

எல்லோரும் அப்படித்தான் சொல்கிறார்கள், பும்ராவே மறுத்திருக்கிறார். அவர் யார்க்கரும் டென்னிஸ் பாலில் வந்ததுதான். மலிங்காவிடமிருந்து எடுத்துக்கொண்டது மனசு விஷயம்: அடி வாங்கினால் கோபப்படாமல் இருப்பது, எந்த நேரத்தில் என்ன போடுவது என்று யோசிப்பது. பக்கத்தில் நிற்கிற பெரியவரிடம் இதைக் கற்பது யார்க்கரைக் கற்பதைவிடக் கஷ்டம். பின்னாளில் மலிங்கா ராஜஸ்தானுக்கும், பிறகு மும்பைக்கும் பௌலிங் கோச்சாகவே போனார்.

பதிரனா இவரோட சிஷ்யனா? அச்சு அசலா அதே ஆக்‌ஷனா இருக்கே.

இலங்கையின் இளம் வேகப்பந்து வீச்சாளர் பதிரனா கண்டிக்காரர், அங்கே டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். மலிங்காவைப் பார்த்து வளர்ந்த தலைமுறை, ஆனால் கை அவரைவிடவும் தாழ்வு. ஐபிஎல்லில் சென்னைக்கு ஆடியபோது சென்னை ரசிகர்கள் பதிரனாவை நேசித்ததில் பழைய கடனைத் தீர்த்துக்கொண்ட சந்தோஷமும் கொஞ்சம் இருந்தது. நுவன் துஷாரவும் இதே வகைதான், 2024-இல் வங்கதேசத்துக்கு எதிராக ஹாட்ரிக் எடுத்தார். கண்டியும் காலியும் ஒரே மாதிரி பௌலர்களைத் தருவதற்குக் காரணம், ராமநாயக்கவுக்குப் பிறகு அங்கே யாரும் இந்த ஆக்‌ஷனைக் கண்டு பதறுவதில்லை என்பதுதான் என்று நினைக்கிறேன்.

என் பையன் மலிங்கா மாதிரி போடுறான். விடலாமா, மாத்தணுமா?

அவனாக வந்த ஆக்‌ஷன் என்றால் விடுங்கள். டிவி பார்த்துக் காப்பியடித்தது என்றால் நிறுத்துங்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது: எதையும் யோசிக்காமல் ஒரு கல்லை எறியச் சொல்லுங்கள், கை எப்படி வருகிறது என்று பாருங்கள். முழங்கை மடங்குகிறதா என்பதைப் பக்கவாட்டிலிருந்து வீடியோ எடுத்துப் பார்த்துவிடுங்கள். இடுப்பு, முதுகு, முன்கால் முட்டி வலிக்கிறது என்றால் அன்றைக்கே பந்தை வாங்கி வையுங்கள்.

டெஸ்ட்ல 101 விக்கெட் எடுத்தவரை வாசிம், மெக்ராத் வரிசையில வைக்கலாமா?

டெஸ்டையும் சேர்த்து எடை போட்டால் வைக்க முடியாது. ஒரு விக்கெட்டுக்கு 33 ரன்னைத் தாண்டிய சராசரி அது. ஒருநாள், டி20 என்ற வெள்ளைப் பந்து ஆட்டங்களுக்கு மட்டும் ஒரு வரிசை போட்டால் வாசிமுக்குப் பக்கத்தில் நிற்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. உலகக் கோப்பைகளில் மட்டும் 56 விக்கெட்.

நம்பாதவர்கள் 2019 ஜூன் 21, லீட்ஸ் ஆட்டத்தைப் பாருங்கள். இலங்கை வெறும் 232. எதிரே, அந்தக் கோப்பையை வெல்லப்போகிற இங்கிலாந்து. தொப்பையும் நரையுமாக 35 வயது மலிங்கா முதல் ஓவரிலேயே பேர்ஸ்டோவை எல்பிடபிள்யூ செய்தார். பிறகு வின்ஸ், ரூட், பட்லர். 43 ரன்னுக்கு 4 விக்கெட், இலங்கைக்கு 20 ரன்னில் வெற்றி. அடுத்த மாதம் பிரேமதாச மைதானத்தில் வங்கதேசத்துக்கு எதிராகக் கடைசி ஒருநாள் ஆட்டம். மூன்று விக்கெட் எடுத்தார். அதில் மூன்றாவது, கும்ப்ளேயின் 337 ஒருநாள் விக்கெட்டைத் தாண்டிய விக்கெட், ஒருநாளில் அவர் போட்ட கடைசிப் பந்தில் வந்தது.